ஐந்தில் ஐந்துக்கு அப்புறம்

கணவருடைய முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். இன்னும் ஒரு மாதம் லீவு போடலாமே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் மட்டும், "போவட்டும் விடுங்க. நாலு புள்ளைங்க மூஞ்சியப் பாத்தா மனசு கொஞ்சம் தெளியும்" என்றார்.

அரியலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு அப்போது பெரம்பலூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். காலையில் அங்கிருந்து அரியலூருக்கு ஒரு பஸ். அரியலூரில் இறங்கி ரெட்டிபாளையம் பக்கம் போகிற டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதுவரை அந்தப் பாதையில் பஸ்ஸில் போய் எனக்குப் பழக்கமே இல்லை. கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வரும்போது வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிற வரைக்கும் காத்திருப்பார். பஸ் யாருக்காகவும் அப்படி நிற்பதில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெள்ளைத் தூசி படிந்த புளியமரங்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

எங்களுடையது சின்னத் தொடக்கப்பள்ளி. ஹெச்.எம். சாரையும் சேர்த்து ஆசிரியர்கள் மூன்று பேர். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கணக்கு என்னுடைய பொறுப்பு. ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்பில் என்னிடம் வந்தால் ஐந்து முடித்துப் போகிற வரைக்கும் என்னிடம்தான் கணக்குப் படிக்க வேண்டும்.

அன்று ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாக நான் வருகைப்பதிவேட்டைத் திறப்பதற்குள் நாலு புகாராவது வந்துவிடும். இவன் கிள்ளுறான், இவ என் பென்சில எடுத்துக்கிட்டா, டீச்சர் தண்ணி குடிக்கப் போவவா என்று ஒரே இரைச்சலாக இருக்கும். அன்று பத்தொன்பது பேரும் என் நெற்றியையும் கழுத்தையும் பார்ப்பதும், பார்த்ததை மறைக்கப் புத்தகத்துக்குள் குனிவதுமாக இருந்தார்கள். சத்தம் இல்லாதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஏன் இல்லை என்று யோசிக்கவில்லை.

பாடம் பின்னங்கள். எண்கோட்டின் மேல் பின்னங்களைக் குறிப்பது. எத்தனையோ வருஷமாக நடத்திவரும் பாடம் அது. திங்கட்கிழமை, கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, ஒரு முனையில் பூஜ்யமும் இன்னொரு முனையில் ஒன்றும் எழுதி, நடுவில் ஒரு சிறு கோடு போட்டு, இதுதான் அரை என்றேன். செவ்வாய்க்கிழமை கால், நாலில் இரண்டு, முக்கால். புதன்கிழமை ஐந்தில் ஒன்று, ஐந்தில் இரண்டு என்று வரிசையாக. நான் எழுதினேன், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசிப் பீரியடில் நோட்டுகளை வாங்கி சிவப்புப் பேனாவால் சரி போட்டுக் கொடுத்தேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அந்த மூன்று நாளும் என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கணவருடைய செருப்பை அரியலூர் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமே, மழை வந்தால் நனையுமே என்று ஒருநாள் முழுக்க யோசித்தது மட்டும் நினைவிருக்கிறது.

வியாழக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு பெண் மட்டும் நோட்டும் ஸ்கேலுமாக என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒல்லியான பெண். சட்டைப் பொத்தான் ஒன்று போய் ஊக்கு குத்தியிருந்தாள். அவளுக்கு அப்பா இல்லை. அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அம்மா கூலி வேலைக்குப் போகிறவர்.

"சாப்பிடப் போகலையா?" என்றேன்.

"எனக்கு இந்தக் கணக்கு வர மாட்டேங்குது டீச்சர்."

"நான் போட்டதைப் பார்த்து எழுது, வரும்."

"எழுதிப் பார்த்துட்டேன் டீச்சர். அளந்தா வர மாட்டேங்குது."

நோட்டை என் முன்னால் விரித்தாள். பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குச் சரியாகப் பத்து சென்டிமீட்டர் கோடு கிழித்திருந்தாள். அதற்குக் கீழே அழித்து அழித்துத் தாள் தேய்ந்திருந்தது. ஸ்கேலை வைத்துக் காட்டினாள்.

"பத்த அஞ்சாப் பிரிச்சா ரெண்டு ரெண்டு வருது. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. நாலு கோடுதான் உள்ள வருது. அஞ்சாவது கோடு ஒன்னு மேலயே வந்து வுழுது டீச்சர். நீங்க போர்டுல அஞ்சு கோடும் உள்ளயே போட்டிருக்கீங்க. அஞ்சுல அஞ்சுக்கு அப்புறமும் ஒரு எடம் மிச்சம் இருக்கு. அது என்ன எடம்?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "போய்ச் சாப்பிடு. அப்புறம் பார்க்கலாம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தேன்.

முந்தின நாள் எழுதியது அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஐந்து சிறு கோடுகள். ஐந்தில் ஒன்று, ஐந்தில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தில் ஐந்து. அதைத் தாண்டி இன்னும் ஒரு சாண் தள்ளி, ஒன்று. ஐந்தில் ஐந்து என்றால் முழுசு. அதுதான் ஒன்று. இரண்டும் ஒரே புள்ளி. கோட்டை ஐந்து பாகமாகப் பிரிப்பதற்குப் பதிலாக ஐந்து கோடு போட்டு அதை ஆறு பாகமாக்கி வைத்திருந்தேன். கோடுகளை எண்ணக் கூடாது, இடைவெளிகளைத்தான் எண்ண வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். அவளுடைய நோட்டைப் பின்னால் புரட்டினேன். செவ்வாய்க்கிழமை கால், முக்காலும் அதே தப்பு. எல்லாவற்றின் மேலும் என் சிவப்புச் சரி.

"வேற யாரும் இதைக் கவனிக்கலையா?" என்று கேட்டேன்.

"ஹெச்.எம். சார் சொல்லியிருக்காங்க டீச்சர். டீச்சர் கஷ்டத்துல இருக்காங்க, யாரும் சத்தம் போடக் கூடாது, எதுவும் கேக்கக் கூடாது, அவங்க சொல்றதுக்கு சரின்னு சொல்லுங்கன்னு. மத்த புள்ளைங்களுக்கெல்லாம் போன வருசமே பின்னம் புரிஞ்சிருச்சு. தப்புன்னு தெரியும். எனக்குத் தெரியாதுல்ல, அதான் அளந்து பார்த்தேன்."

"போன வருஷம் உனக்கும் நான்தானே நடத்தினேன்? எல்லாத்துக்கும் சரி வாங்கினியே."

ஸ்கேலின் முனையால் மேஜையைக் கீறிக்கொண்டே நின்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கப்பா செத்ததுக்கு அப்புறம் நீங்க எனக்கு எல்லாத்துக்கும் ரைட்டுதான் டீச்சர் போட்டீங்க. தப்பா எழுதுனாலும் ரைட்டு. பக்கத்துல இருக்கறவளுக்கு அதே கணக்கு தப்புன்னு இருக்கும். எனக்கு மட்டும் ரைட்டு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அழுவீங்கன்னு நெனச்சேன்."

அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டு அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது உண்மைதான். அவளுடைய அப்பா இறந்து அவள் பள்ளிக்கு வந்த அன்றைக்கு, அவள் கழிவறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளை யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். அவள் நோட்டு வரும்போது பேனா தயங்கும். பாவம், இந்தப் பிள்ளைக்குப் போய்த் தப்புப் போடுவதா என்று தோன்றும். முதலில் ஒரு வாரம். பிறகு ஒரு மாதம். பிறகு அது பழக்கமாகி, நான்காம் வகுப்பு முழுவதும் அப்படியே போயிருக்கிறது. இரக்கம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதையே நான் விட்டுவிட்டிருக்கிறேன். இவள் ஒன்றும் கேட்காமல் சரி வாங்கிக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கணவர் இறந்த நாளிலிருந்து எனக்கு அழுகை வராமலில்லை. ஆனால் அதெல்லாம் எல்லோரும் பார்க்க அழுதது. அன்று யாரும் பார்க்காமல் அழுதேன்.

சாயங்காலம் ஹெச்.எம். சாரிடம் போனேன்.

"சார், பிள்ளைங்க என்கிட்ட எப்பவும் போல பேசட்டும் சார். கேள்வி கேக்கட்டும்."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "உங்களக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதாம்மா சொன்னேன். மனசுல வச்சுக்காதீங்க."

"தெரியும் சார். நானும் ஒரு பிள்ளைக்கு இதையேதான் செஞ்சிருக்கேன்."



மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் நேராகவே சொன்னேன். "நான் போர்டுல போட்டது தப்பு. செவ்வாய்க்கிழமை போட்டதும் தப்பு, புதன்கிழமை போட்டதும் தப்பு. தெரிஞ்சவங்க சொல்லுங்க, எது தப்பு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் மெல்ல எழுந்து, "நாலுல ரெண்டு அரைக்கு முன்னாடியே வந்துருச்சு டீச்சர். ரெண்டும் ஒரே எடத்துலதான வரணும்?" என்றான். அவ்வளவுதான். அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. அவன் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தி, அவளை மறித்து மற்றொருத்தி. நாலு நாள் கழித்து அந்த வகுப்பில் அன்றுதான் இரைச்சலைக் கேட்டேன்.

எல்லோரையும் வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிமெண்டுத் தரையில் மர மீட்டர் கோலால் ஐந்து மீட்டர் அளந்து சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு கிழித்தோம். ஒரு முனையில் பூஜ்யம், மறுமுனையில் ஒன்று. மீட்டருக்கு மீட்டர் சிறு கோடு. அந்த ஒல்லிப் பெண்ணைப் பூஜ்யத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பாகமாகத் தாண்டச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகத் தாண்ட, மற்றவர்கள் சேர்ந்து ஐந்தில் ஒன்று, ஐந்தில் இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஐந்தில் ஐந்து என்றபோது அவளுடைய இரண்டு காலும் ஒன்று என்று எழுதிய முனையில் இருந்தன. குனிந்து பார்த்தாள். "இதுக்கு மேல மிச்சம் எடமே இல்ல டீச்சர்" என்றாள். பிறகு நடுவிலிருந்த சிறு கோடுகளை மட்டும் அழித்துவிட்டு, நைலான் கயிறு ஒன்றை அதே நீளத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து அரை, நான்காக மடித்துக் கால் என்று ஒவ்வொரு பிள்ளையும் குறித்தது. நோட்டில் இருந்த என் சிவப்புச் சரிகளை அவர்களையே அடித்துவிடச் சொன்னேன். அதை மட்டும் ரொம்ப சந்தோஷமாகச் செய்தார்கள்.

அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அவளைத் தனியாக உட்கார வைத்தேன். மூன்றாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வகுத்தலே சரியாக வரவில்லை. முதல் நாள் கொடுத்த பத்துக் கணக்கில் ஏழு தப்பு. ஏழுக்கும் தப்புப் போட்டேன். அவள் நோட்டை வாங்கி ஒவ்வொரு தப்பின் மேலும் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, "இது ஏன் தப்பு டீச்சர்?" என்று முதல் கணக்கைக் காட்டிக் கேட்டாள். அப்படியே ஏழையும் கேட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க அவளுடைய அம்மா வந்திருந்தார். வேலையிலிருந்து நேராக வந்தவர். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒன்னு சொல்லணுங்க டீச்சர். அதுங்கப்பா போனதுலேர்ந்து வூட்டுல அதை யாரும் ஒரு வார்த்த திட்டுனதில்லிங்க. அப்பன் இல்லாத புள்ளன்னு சொந்தக்காரங்க, அக்கம்பக்கம் யாருமே ஒன்னும் சொல்ல மாட்டாங்க. அதுவும் யார்கூடவும் பேசாது. அன்னிக்கு ஒரு நா நோட்ட எடுத்துக்கிட்டு ஓடியாந்து, யம்மா எனக்கு டீச்சர் ஏழு தப்பு போட்டாங்கன்னு சிரிச்சுக்கிட்டே காட்டுச்சு. எனக்கு ஒன்னும் புரியலிங்க. தப்பு வாங்கிட்டு எந்தப் புள்ளயாவது சிரிக்குமா?"

"நல்லாப் படிப்பாம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது அவள் அரியலூரில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, பை முதுகில் குதிக்க ஓடிவந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள்.

"கணக்கு எப்படிப் போகுது?" என்றேன்.

"தசமம் நடத்துறாங்க டீச்சர். ஒன்னும் புரியல" என்றாள், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

"அங்க டீச்சர்கிட்ட கேட்டியா?"

"ரெண்டு வாட்டி கேட்டுட்டேன். நாளைக்கும் கேப்பேன்."

அவளுடைய பஸ் வந்துவிட்டது. "போயிட்டு வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.