மாலதி இல்லத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்

"எங்கள உட்டுட்டுப் போய்ட்டியே மவராசா!"

கூடத்திலிருந்து கிளம்பிய ஒப்பாரி அடுப்படிவரை வந்து மோதியது. கேசரி கிளறிக்கொண்டிருந்த சாவித்திரியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து அழுதார்கள். நடுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சிரிக்காதீங்க, ஃபீல் போய்டும்" என்று ஓர் ஆண் குரல் அதட்டியது.

உள்ளறையிலிருந்து நிஷா கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள்.

"யம்மா! இன்னிக்கு வேணாம்னு அந்த டூர்க்காரனாண்ட சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்டி. காலைலயே வந்து பத்து நிமிசத்துல போய்டுவோம்னான். பூந்தமல்லில பஸ்சு பஞ்சராயி நின்னுட்ச்சாம். வாசல்ல வந்து நிக்கறவங்கள எப்பிடிடி தொரத்துறது?"

"உனுக்கு வேணாம்னு சொல்லவே வராது. அவங்க வர்ற நேரம்மா இது."

சாவித்திரிக்கு அது தெரியாதா? ராகு காலத்துக்கு முன்னால் வந்துவிடுகிறோம் என்று நெமிலிச்சேரியிலிருந்து சரசாம்மா போனில் சொல்லியிருந்தார். மகன் பிரசன்னாவுக்கு நிஷாவின் படமும் பிடித்துவிட்டது, ஜாதகமும் பொருந்திவிட்டது. "பூவும் கையோட எடுத்தாறேன்மா. பொண்ண பாத்து மனசு நெறஞ்சா அப்பவே தலைல வெச்சிட்டுப் போறேன்" என்றும் சொல்லியிருந்தார். முப்பது வயதுப் பெண்ணைப் பெற்றவளுக்கு அந்த ஒரு வார்த்தை எப்படி இருந்திருக்கும்! வாரம் முழுவதும் சாவித்திரி அதைச் சொல்லிச் சொல்லியே தூங்கினாள்.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் இந்த வீட்டைக் கட்டியவர் அவள் கணவர் ஜெகதீசன். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிச் சம்பாதித்த மனிதர். மாடிப்படி மட்டும் பங்களா மாதிரி வளைந்து இறங்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. அந்தப் படியில் அவர் ஏறி இறங்கியது எத்தனை நாள்? நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதே கூடத்தில், இதே மின்விசிறிக்குக் கீழேதான் அவரைக் கிடத்தினார்கள்.

வருஷம் திரும்புவதற்குள் சீரியல்காரர்கள் வந்தார்கள். வளைந்த படியைப் பார்த்தார்கள், வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 'மாலதி இல்லம்' என்று வாசலில் பலகை ஏறியது. ஜெகதீசனின் படம் சுவரிலிருந்து இறங்கி பீரோவுக்குள் போனது. சீரியல் நாயகி மாலதியின் மாமனார், அண்ணன், கடைசியில் புருஷன் என்று ஒவ்வொருவராக அந்தக் கூடத்தில் பிணமாகக் கிடந்தார்கள். தமிழ்நாடே அழுதது. சாவித்திரி மட்டும் ஓரமாக நின்று ஒன்றுக்காகக் காத்திருப்பாள். ஷாட் முடிந்ததும் பிணமாகக் கிடந்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். வாசலில் பூசணிக்காய் உடைக்க வேண்டும். அபசகுனம் கழிய அவர்கள் தொழிலில் அது வழக்கம். அந்தச் சிரிப்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கு ஒரு வாய் காபி இறங்கும்.

சீரியல் முடிந்தும் பலகை இறங்கவில்லை. படப்பிடிப்பில் எடுபிடி வேலை பார்த்த கிரண், ஒரு பஸ்ஸைப் பிடித்து 'மாலதியோடு ஒரு நாள்' என்று சுற்றுலா ஆரம்பித்தான். பூந்தமல்லியில் மாலதிக்குத் தாலி கட்டிய கோயில், ஆவடியில் அவள் குழந்தை பெற்ற ஆஸ்பத்திரி, கொரட்டூரில் அவள் குதிக்கப் போன ஏரிக்கரை, கடைசியாக இந்த வீடு. வந்த பெண்கள் சாவித்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இந்த ஊட்லயா கீறீங்க? குடுத்து வெச்சவங்கம்மா" என்று கண்கலங்குவார்கள். மகள் ஆபீஸ் போனபின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது இனித்தது. இனித்ததுதான், அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

சாவித்திரி அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். நடுவில் பாய். பாயில் கொரட்டூரிலிருந்து வந்திருந்த இருதயராஜ் என்ற பருமனான பெரியவர் நீட்டிப் படுத்திருந்தார். கழுத்தில் ரோஜா மாலை, தாடையைச் சேர்த்துத் தலையில் முடிந்த வெள்ளைத் துணி. சுற்றிலும் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிரண் செல்போனில் படம் எடுத்தான்.

"இன்னா கிரணு இது? பாத்துட்டுப் போவோம்னுதானே சொன்ன?"

"யக்கா, புதுசா சேத்துக்கீறேங்க்கா. நடிச்சிக் காட்னா வீடியோ குடுப்போம். ஜனங்க உயிர உட்றாங்க."

"எந்திரிக்கச் சொல்லுப்பா. என் பொண்ண பாக்க வராங்க. உன் கால்ல உழறேன்."

"ரெண்டே நிமிசம்க்கா."

அந்த இரண்டு நிமிடத்துக்குள் இரும்பு கேட் கிரீச்சிட்டது.

வாசற்படியில் சரசாம்மா நின்றார். கையில் தாம்பாளம், அதில் பழம், வெற்றிலை, வாழையிலையில் கட்டிய பூ. பின்னால் பிரசன்னா. நிலையைத் தாண்டி வைத்த வலது காலை எடுப்பதா ஊன்றுவதா என்று தெரியாமல் அந்தம்மாள் விக்கித்துப் போனார். தாம்பாளத்திலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு பாயருகே போய் நின்றது.

"ஐயோ... யாரும்மா போய்ட்டது?"

"யாரும் போவலம்மா! யாரும் போவல!" சாவித்திரி பதறினாள். "சும்மா நடிக்கிறாங்க."

இருதயராஜ் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். தாடைக்கட்டோடு கைகூப்பினார். "ஒண்ணுமில்லமா, நான் நல்லாத்தான் கீறேன்." அதைப் பார்த்து சரசாம்மா இன்னும் வெளிறிப்போனார்.

"சிரிச்சிடுங்க சார்" என்று சாவித்திரி அவர் முன் மண்டியிட்டாள். "ஒரே ஒரு வாட்டி. அந்த போனப் பாத்து சிரிச்சிடுங்க."

பாவம், அவருக்கு எங்கிருந்து வரும் சிரிப்பு? உதடு கோணியது. கண்ணில் நீர்தான் வந்தது.

"யக்கா, பூசணிக்கா ஒண்ணு வாங்கியாரட்டா?" என்றான் கிரண் மெதுவாக. சாவித்திரி வாசலைக் கை காட்டினாள். அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். உதிர்ந்த ரோஜா இதழ்கள் தரையில் கிடந்தன.

சரசாம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வளைந்த படியை அண்ணாந்து பார்த்தார்.

"இது மாலதி ஊடு இல்ல?"

"ஆமாங்கம்மா."

"இங்கதானே அவளுக்குப் பூவ எடுத்தாங்க. அன்னிக்கு நான் சோறு துன்னலம்மா."

நிஷா காபியோடு வந்து நின்றாள். சரசாம்மா அவள் மோவாயைத் தொட்டார். "தங்கமா கீறா" என்றார். கை தாம்பாளத்துக்குப் போனது, வாழையிலைப் பொட்டலத்தைத் தொட்டது. கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வெறுமையாகத் திரும்பியது.

"அம்மா, அது நடிப்புமா. அவங்கதான் சொல்றாங்களே" என்றான் பிரசன்னா.

"எனக்குத் தெரியாதாடா? ஆனா மொதல் காலு வெக்கசொல்லோ கண்ணால பாத்துட்டேனே." அந்தம்மாள் சாவித்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. எனக்கு ஒரே புள்ளம்மா. நாளைக்கு அவனுக்கு ஒரு தலைவலின்னாலும் இந்தப் பாய்தானே என் கண்ணு முன்னால வரும்? நானே அவள, உன்னாலதான்னு ஒரு சொல்லு சொல்லிட்டேன்னா? அந்தப் பாவம் வேணாம்மா."

என்ன சொல்லி வாதாடுவாள் சாவித்திரி? ஒவ்வொரு பிணத்தின் சிரிப்புக்கும் ஓரமாக நின்று காத்திருந்தவள் அல்லவா அவள்? தான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

"காபி ஆறுது ஆன்ட்டி" என்றாள் நிஷா. சரசாம்மா டம்ளரைத் தொடவில்லை.

எழுந்தார். சாவித்திரி வாசல்வரை கூடவே போனாள். பிடிக்காதவர்கள்கூட, 'போய்ட்டு வரோம், கலந்து பேசிச் சொல்றோம்' என்பார்கள். இழவு வீட்டிலிருந்து போகிறவர்கள்தான் வரேன் என்று சொல்லாமல் போவார்கள். ஒப்புக்காவது அந்த ஒரு சொல் வராதா என்று அந்தம்மாளின் உதட்டையே பார்த்து நின்றாள்.

பிரசன்னா திரும்பி நிஷாவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். தாய் அவன் முழங்கையைத் தொட்டார். இருவரும் தலையைக் குனிந்தபடி படியிறங்கினார்கள். கேட் கிரீச்சிட்டது.

"போவசொல்லோ இன்னாம்மா சொன்னாங்க?" உள்ளிருந்து நிஷாவின் குரல் வந்தது.

"ஒண்ணும் சொல்லலடி" என்று சாவித்திரி கதவைச் சாத்தினாள்.