கதவுக்கு நடுவே ஓர் இஸ்திரி மேசை

ஜனவரி முதல் தேதி, காலை ஆறரை மணி. துறைமுக மதிலின் பழைய கதவுக்குக் காவலாளியாக அவன் வேலையில் சேர்ந்த முதல் நாள். தள்ளுவண்டி நிறைய வெள்ளைத் துணிமூட்டைகளோடு எதிரே வந்து நின்ற பெண்ணிடம் அவன் பேசிய முதல் வார்த்தை, வழி இல்லை என்பது. யார் வீட்டு வழி என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

தெருவில் அவளைக் கஞ்சியக்கா என்பார்கள். கப்பல்களின் படுக்கை விரிப்புகளையும் மேசைத் துணிகளையும் வெளுத்துக் கொடுப்பது அவள் தொழில். அவள் போட்ட கஞ்சி மூன்று கடல் தாண்டினாலும் மொடமொடப்புக் குறையாது என்பது கப்பல் சமையற்காரர்களின் பேச்சு. அவள் கணவனும் அப்படியொரு சமையற்காரன்தான். அவன் போன கப்பல் திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "கப்பலாவது ஒழுங்கா வந்துச்சே" என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை உதறியவள் அவள்.

கதவின் கதை அவளுடையதைவிடப் பழையது. தெருவின் கதை கதவினுடையதைவிடப் பழையது. பாய் தைத்தவர்கள், கயிறு முறுக்கியவர்கள், கரையிறங்கி ஊர் திரும்ப மறந்த மாலுமிகள் என்று பல கரைகளின் மனிதர்கள் வந்து ஒட்டிக்கொண்ட தெரு அது. அங்கே சண்டை இரண்டு மொழிகளில் நடக்கும். சமாதானம் மூன்றாவது மொழியில் ஆகும். மதில் பிற்பாடு எழுந்தது. எழுப்பியவர்கள் தெருவுக்காக ஒரு கதவை விட்டார்கள். இரவும் பகலும் திறந்தே கிடந்த அந்தக் கதவை ஆண்டில் ஒரே ஒரு நாள், ஜனவரி முதல் தேதி மட்டும் மூடினார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அன்று விடுமுறை, கப்பல் வராது, தெரு போர்வைக்குள் கிடக்கும்.

அந்த ஆண்டு மட்டும், புயலில் தாமதித்த கப்பலொன்று துறைக்கு வந்து, காலை எட்டு மணிக்கே கிளம்ப இருந்தது. கஞ்சியக்காவும் மூட்டையோடு வந்துவிட்டாள்.

புதுச் சட்டை, புதுத் தொப்பி, புது அதிகாரம். முந்தின நாள் அதிகாரி காதோடு சொன்னதைக் காவலாளியால் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

"சும்மா மூடல அக்கா. வருஷத்துல ஒரு நாள், விடிஞ்சதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும் மூடி வச்சாத்தான் வழி துறைமுகத்துக்குச் சொந்தமாம். ஒரு தடவை தவறினாலும் அது தெருவுக்குன்னு ஆயிடுமாம். வெளியில சொல்லிடாதீங்க."

"நான் ஏன் தம்பி சொல்றேன்?" என்று அவள் வண்டியைத் திருப்பினாள். சுற்றுவழியில் மூட்டை போய்ச் சேர்வதற்குள் கப்பல் நங்கூரத்தை எடுத்துவிட்டது.

பிறகு நாள்தோறும் அதே கதவு வழியாகப் போனாள், வந்தாள். அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. காவலாளியும் மறந்துபோனான். இதற்கிடையில் மதிலோரம் புதுக் கிடங்கு வரப்போகிறது, கதவைச் செங்கல் வைத்து அடைக்கப்போகிறார்கள் என்று செய்தி பரவியது. கதவு அடைபட்டால் அவள் பிழைப்பும் அடைபடும். சுற்றுவழியில் வரும் மூட்டைக்காக எந்தக் கப்பலும் காத்திருக்காது. அதிகாரியிடம் போய்க் கேட்டுப் பார்க்கலாமே என்று தெருவில் சிலர் யோசனை சொன்னார்கள். மண்டி போட்டால் தனக்கு முட்டி வலிக்கும் என்று மறுத்துவிட்டாள்.

அடுத்த ஜனவரி முதல் தேதி. விடியும் முன்னே சாவியோடு வந்த காவலாளி, கதவு நிலைக்கு நடுவே அவளுடைய இஸ்திரி மேசையைக் கண்டான். இரண்டு கால் துறைமுகத்தில், இரண்டு கால் தெருவில். இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் தெருவே வரிசையில் நின்றது. வீட்டில் மடித்து வைத்திருந்த நல்ல துணிகளையும் வேண்டுமென்றே கசக்கி எடுத்து வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக மேசையின் ஒரு பக்கமாக உள்ளே போய்த் துணியை வாங்கிக்கொண்டு, மறுபக்கமாக வெளியே வந்து, மீண்டும் வரிசையில் நின்றார்கள்.

அதிகாரி வந்தார். மேசையை எடுக்கச் சொன்னார். இந்தச் சட்டை முடியட்டும் என்றாள். சட்டை முடிந்ததும் திரைச்சீலை வந்தது. திரைச்சீலை முடிந்ததும் தலையணை உறைகள் வந்தன. பொறுமையிழந்த அதிகாரி காவலாளியை ஏவினார். அவன் குனிந்து ஒரு மூலையைப் பிடித்தான். அவள் சூடான பெட்டியை நகர்த்தி அதே மூலையில் வைத்தாள்.

"தூக்கு தம்பி. பாத்துத் தூக்கு."

அவன் கை தானாக விலகியது. வரிசை சிரித்தது.

அதிகாரி முட்டாள் அல்லர். இந்த நாளின் பொருள் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தார். யார் சொன்னது என்று கேட்டார். காவலாளி கையிலிருந்த சாவியைத் துடைக்கத் தொடங்கினான். வீட்டில் அவன் மனைவிக்கு நிறைமாதம்.

"பேரச் சொல்லு," என்றார் அதிகாரி அவளிடம். "உன் கப்பல் அனுமதிச் சீட்டு பொழைக்கும். இல்லன்னா ஒரு வருஷத்துக்கு எந்தக் கப்பல்லயும் கால் வைக்க முடியாது."

கஞ்சியக்கா காவலாளியின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கதவுதான் ஐயா சொல்லிச்சு. இத்தன காலமா வாயத் திறந்துகிட்டே கிடக்கே, ஒரு நாளாவது பேசாதா?"

இடுப்பிலிருந்து அனுமதிச் சீட்டை எடுத்தாள். அது கசங்கியிருந்தது. மேசையில் விரித்து, பெட்டியால் ஒரு முறை அழுத்தித் தேய்த்து, இரண்டாக மடித்து, அதிகாரியிடம் நீட்டினாள்.

பொழுது சாய்ந்தது. கதவு சாத்தப்படவில்லை. கிடங்கு வேறிடம் தேடிக்கொண்டது.

அந்த ஓராண்டு அவள் கப்பல் ஏறவில்லை. சமையற்காரர்கள் சிலர் கதவு தாண்டி வந்து அவளிடம் துணி கொடுத்தார்கள்; பலர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இழந்த கப்பல்களில் பாதிகூட அவளிடம் திரும்பவில்லை. அதற்காக அவள் மூக்கால் அழுததாக யாரும் சொல்ல முடியாது.

காவலாளிக்குப் பெண் பிறந்தது. பின்னர் அவன் தலைமைக் காவலாளி ஆனான். அவளுக்காகச் செய்யக்கூடியவை அவன் கையில் நிறைய இருந்தன: எந்தக் கப்பல் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்லலாம், அவள் வண்டியை முதலில் விடலாம். இன்று கேட்பாள், நாளை கேட்பாள் என்று காத்திருந்தான். ஒரு முறை அவனே வாய் திறந்தான்.

"அக்கா, அன்னிக்கு மட்டும் நீங்க என் பேரச் சொல்லியிருந்தா..."

அவள் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அவன் கையில் திணித்தாள்.

"வளவளன்னு பேசாம இழுத்துப் பிடி."

ஓய்வு பெறும் நாளுக்காகத் தன் சீருடையை அவளிடமே கஞ்சி போடக் கொடுத்தான். அதற்கான கூலியைச் சில்லறை குறையாமல் எண்ணி வாங்கிக்கொண்டாள். மற்றக் கடனை அவள் கேட்கவேயில்லை.