ஜுமா உஸ்தாவின் மீசைப் பந்தயம்

ஜன்னலுக்கு நேரே வட்டைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஜுமா உஸ்தா துளை பார்க்கிறார். உள்ளங்கை அகல எஃகு வட்டு. இடியாப்ப அச்சு போல உடம்பெல்லாம் துளை. ஒவ்வொன்றும் தலைமுடி நுழையும் அளவுதான். உருகிய பிளாஸ்டிக் இதன் வழியே பிதுங்கித்தான் கம்பள நூலாகிறது. ஒரு துளை அடைத்திருந்தாலும் வட்டு மறுபடி உலைக்குப் போகும். எல்லாத் துளையிலும் வெளிச்சம் வந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் கையைப் பிடித்து இழுத்து, "பாரு, பாரு, எப்படிச் சிரிக்குது!" என்று காட்டாமல் விடமாட்டார்.

அந்தேப் நகரத்து நூல் மில்லில் உலை அவர் ராஜ்ஜியம்; கைதேர்ந்த மேஸ்திரி என்பதால்தான் எல்லோருக்கும் அவர் 'உஸ்தா'. அடைத்த வட்டைக் குத்தி எடுத்தால் துளை கெட்டுவிடும். எனவே உலைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, பம்பு போட்டுக் காற்றை உறிஞ்சி, முதலில் பிளாஸ்டிக்கை உருக்கிச் சொட்டவிட வேண்டும். பிறகு துளித் துளியாகக் காற்றை விட்டு மிச்சத்தை எரிக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே குபீரென்று பிடித்துக்கொள்ளும், வட்டு கோணிப்போகும். அந்த நேரத்தில் மட்டும் உஸ்தா கிசுகிசுப்பார். மற்றபடி வாய் ஓயாது. ஓய்ந்தால் அதில் பிஸ்தா இருக்கிறதென்று அர்த்தம். வலது பையில் பிஸ்தா, இடது பையில் ஓடு. "என் ஓடு தரையில விழுந்து எவனாவது பாத்திருக்கானா?" என்று பெருமை வேறு. இடது பையில் தையல் விட்டிருக்கிறது, சட்டையைக் கழற்றுங்கள் தைத்துத் தருகிறேன் என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அப்புறம் அந்த மீசை. அடேயப்பா, சொல்லி மாளாது! பட்டாளத்திலிருந்து திரும்பிய கையோடு விட்டது. கட்டிய மனைவியே அவரை மீசையில்லாமல் பார்த்ததில்லை.

போன வாரம் உலை சண்டித்தனம் செய்தது. பம்பு ஓடுகிறது, காற்றழுத்தம் காட்டும் முள் பாதி இறங்கி அங்கேயே நிற்கிறது. எங்கோ காற்று உள்ளே புகுகிறது. காற்று போகாமல் சூடேற்ற முடியாது. வட்டுக்காகக் காத்திருக்கும் ஸெலிஹா, தன் நூல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். சாயங்காலத்துக்குள் நீல நூல் போகாவிட்டால் தறியில் கம்பளம் பாதியில் நிற்கும். பம்பு பார்க்கும் ஹனெஃபி, ஓட்டை கதவில்தான் என்றான். உஸ்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் கதவுலயா? கதவுல குத்தம்னா இந்த மீசைய எடுத்துடறேன்டா!"

மில்லே கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். மீசையில்லாத அப்பாவைப் போட்டோவில் நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். ஹனெஃபி பம்பின் தண்ணீரை மாற்றினான், வடிகட்டியில் கரியைத் தட்டினான், குழாய் மூட்டுகளை முடுக்கினான். முள் அசையவில்லை. அவன் மறுபடி பம்புக்குள் தலையை விட்டதும், உஸ்தா அவன் சிகரெட்டை வாங்கிக்கொண்டு கதவோரம் குந்தினார். விளிம்பு நெடுகப் புகையைக் காட்டிக்கொண்டே போனார். புகை நேராக ஏறியது. கீழ்மூலைக்கு வந்ததும் வளைந்து, எலி வளைக்குள் ஓடுவதுபோல உள்ளே ஓடியது.

பம்பை நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்தார். கதவு விளிம்பின் ரப்பர் பட்டையில் பதிந்து கிடந்தது ஒரு பாதி பிஸ்தா ஓடு.

முதுகு மறைத்ததால் வேறு யாருக்கும் தெரியவில்லை. பிடுங்கி இடது பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, "பம்பப் போடு!" என்று கத்தினார். முள் விறுவிறுவென்று இறங்கியது. ஒரே கைதட்டல். சூட்டை ஏற்றிவிட்டு, "உன் பம்புதான்னு சொன்னேன்ல?" என்று ஹனெஃபியின் முதுகில் ஓங்கித் தட்டினார். தட்டிய வேகத்தில் சட்டை குலுங்க, என்னவோ டக்கென்று தரையில் விழுந்தது.

ஸெலிஹா குனிந்து எடுத்தாள். கதவுப் பட்டையின் சிவப்பு ரப்பர் துணுக்கு ஒட்டிய ஓடு.

"ஏன் உஸ்தா, ஹனெஃபி பம்புல பிஸ்தா காய்க்குதா?"

மில் அதிர்ந்தது. ஹனெஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டு, பாவம் என்று இறங்கிவந்தான். "பொண்ணு நிச்சயம் முடியட்டும் உஸ்தா. திங்கக்கெழம பாத்துக்கலாம்."

உஸ்தா பதிலே பேசவில்லை. வாயில் பிஸ்தாவும் இல்லை. ஒரு பெட்டியை ஜன்னலுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோளில் துண்டை விரித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார்.