எலி தின்ற உறுதி

றுஸ்தா கல்முனையில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவள். ஆனால் தோணியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அப்படிப்பட்டவள் சண்டை முடிந்த வருஷம், எங்கோ தொலைவில் கிடக்கும் தீவுகளையும் அங்கே நியாயம் கேட்கும் பெண்களின் இரகசியங்களையும் வைத்துத் தன் முதல் நாவலை எழுதினாள். நாமெல்லாம் இருப்பதே ஒரு தீவில்தான் என்பது வேறு கதை.

பகலெல்லாம் தையல் மெசின், இடையிடையே கொப்பியில் எழுத்து. "தீவப் பத்தி எழுதினா எழுதட்டும். நம்மட ஊரப் பத்தி எழுதினாத்தானே கரச்சல்" என்று அவள் புருஷன் காலிதீன் பெருந்தன்மையோடு சொல்லித் திரிந்தான். பாவம் மனிதன்.

எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுடையது. உம்மா மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். றுஸ்தாவின் சீதன வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. பதிலாக அரசாங்கம் கொடுத்த வீட்டின் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. காலிதீன் தாடியை நீவிக்கொண்டு அதில் தன் பெயரை எழுதினான். வீட்டு உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்டால், "இன்னும் கந்தோரிலதான் கிடக்கு" என்பான்.

கந்தோருக்குப் போய் அதிகாரியிடம் விசாரித்தால், அவன் கையெழுத்து வைத்து அதை எப்போதோ வாங்கிப் போயிருந்தான்! மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது. மகளுக்கு வீடு கொடுக்காத உம்மா என்று பெயரெடுக்க றுஸ்தா தயாராயில்லை. சாக்கு, பெட்டி, அலுமாரி எல்லாம் கவிழ்த்துத் தேடினாள். உறுதி அகப்படவில்லை.

புத்தகம் அச்சாகி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து சோறு தின்றுவிட்டுச் சாய்ந்திருந்த காலிதீனுக்குக் கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டினாள். தீவில் ஒருவன் பெண்சாதியின் வீட்டு உறுதியை ஒளித்து வைக்கிறான். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் எலி அரித்துத் தூளாகக் கிடக்கிறது. வீடு அவளுக்குமில்லை, அவனுக்குமில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. காலிதீன் எழும்பினான்.

"எங்க போறீங்க?"

"சும்மா... கோழி கத்துற மாதிரி இரிக்கி."

கத்தாத கோழியைப் பார்க்கப் போனவன், கூட்டுக் கூரைத் தகரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். பின்னால் றுஸ்தா.

"எலி ஏதும் மிச்சம் வெச்சிரிக்கா?"

அவன் கையில் பொலித்தீன் சுற்றிய உறுதி, ஒரு மூலைகூடக் கசங்காமல் இருந்தது.

"புள்ளைக்கு எழுதுவமா, இல்லாட்டி ரெண்டாம் பதிப்பில ஒங்கட பேரையும் போடட்டா?"

அடுத்த கிழமையே காலிதீன் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தான். றுஸ்தா சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதாள்.

விஷயம் வேலி தாண்டாமல் இருக்குமா? மறுநாள் பக்கத்து வீட்டுச் சபியா உம்மா வந்து நின்றாள்.

"எனக்கும் ஒரு புத்தகம் தா புள்ள."

"ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாதே மாமி?"

"எனக்கு என்னத்துக்கு? நீ வந்து எங்கட வீட்டு மனிசனுக்கு வாசி. அவர் எழும்பிப் போற இடத்த நான் பாத்துக்கிறன்."