மாமா கொடுத்த காரில் மழைத்தண்ணீர்

எங்கள் வீட்டுக் காருக்குள் மழை பெய்தது. வெளியே ஓய்ந்த பிறகும் உள்ளே ஓயவில்லை. முன் சீட்டில் அம்மா கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. மிதியடியைத் தூக்கினால் உழுத வயல் வாசனை. தவளை ஒன்றுதான் பாக்கி என்று அப்பா சொல்ல, நான் நிஜமாகவே சீட்டுக்கு அடியில் தேடிப் பார்த்தேன்.

அது கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஓட்டிக்கொண்டிருந்த கார். அவர் பெரிய வண்டி வாங்கியபோது இதை எங்களுக்குக் கொடுத்தார். வேங்கிக்காலில் சொந்த வீடு, வாசலில் கார் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. மழைக்காலம் வந்ததும் அந்தப் பெருமையும் நனைந்தது. மெக்கானிக் கண்ணாடியைச் சுற்றிப் பசை தடவிப் பார்த்தார். காரெல்லாம் பசையானதுதான் மிச்சம். எரிச்சலில் அப்பா மாமாவுக்குப் போன் போட்டு, ஒழுகுவது தெரிந்துதான் எங்கள் தலையில் கட்டினாரா என்று கேட்டுவிட்டார். தன்னிடம் இருந்தவரை ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை என்று சொல்லி மாமா போனை வைத்துவிட்டார்.

வருடா வருடம் கார்த்திகை தீபத்துக்கு மாமா குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில்தான் தங்குவார். மொட்டை மாடியில் நின்று மலைமேல் தீபம் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் சாப்பாடு. அந்த வருடம் வரப்போவதில்லை என்று சொல்லி அனுப்பினார். அம்மா சண்டை போடவில்லை. அப்பாவுக்குக் குழம்பு ஊற்றும்போது முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள், அவ்வளவுதான். அதற்குச் சண்டையே தேவலை.

அம்மா தன் பங்குக்குச் சாமியிடம் சொல்லி வைத்தாள். கார் வந்ததிலிருந்தே பௌர்ணமிதோறும் கிரிவலம் போய்க் கோயில் பூ கொண்டுவருவாள். கால் படும் இடத்தில் போடக் கூடாது என்பதால் காரின் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் ஓரமாகச் செருகிவிடுவாள். பூவுக்கும் மரியாதை, வண்டிக்கும் காவல். கார் ஒழுக ஆரம்பித்ததும் வெள்ளிக்கிழமைகளிலும் செருகினாள். பூ ஜாஸ்தியானது, தண்ணீர் கம்மியாகவில்லை.

தீபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓஸ் பைப்போடு இறங்கினார். நான் காருக்குள் தலைகீழாகப் படுத்து, டார்ச் அடித்து, தண்ணீர் எங்கே வருகிறது என்று சொல்ல வேண்டும். கதவில் பீய்ச்சினார், ஒன்றும் வரவில்லை. கூரையிலும் அப்படித்தான். கண்ணாடியின் அடியில் பீய்ச்சியதும் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து என் நெற்றியில் சொட்டியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இறங்கி ஓடினேன்.

அப்பா வைப்பருக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பள்ளம், அதில் தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டை. விரலை விட்டு இழுத்தார். சாமந்தி, வில்வம், பூக்கட்டிய நூல், எல்லாம் மக்கிக் கறுத்து ஒரே உருண்டையாக வந்தது. வழி அடைத்துப்போனதால் தண்ணீர் காருக்குள் திரும்பியிருக்கிறது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கையைத் துடைத்தபடி வாசலுக்கு வரும் சத்தம் கேட்டதும், சட்டென்று அதைச் செம்பருத்திச் செடிக்குப் பின்னால் போட்டார். அந்தச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது அம்மாதான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"இலைங்கதான். புங்க மரத்தடியில நிறுத்தறேன்ல, எல்லாம் உள்ள போய் அடைச்சிருக்கு. தப்பு என்னுதுதான். உங்கண்ணன் மேல ஒண்ணும் இல்ல" என்றார்.

அது பூ என்று நான் வாயெடுத்தேன். ஓஸ் பைப் என் பக்கம் திரும்பியது. அப்பா விளையாடுகிறார் என்று நானும் கத்திக்கொண்டு தெரு வரைக்கும் ஓடினேன்.

அப்பா அன்றே மாமாவிடம் மன்னிப்புக் கேட்டார். தீபத்தன்று மாமா வேர்க்கடலை மூட்டையோடு வந்து இறங்கி, "இன்னா மாப்ள, கார்ல உக்காரணும்னா குடை எடுத்துக்கணுமா?" என்றார். அப்பாதான் முதலில் சிரித்தார். அன்றைக்குக் குழம்பும் முகம் பார்த்தே ஊற்றப்பட்டது.

அதன்பிறகு கார் ஒழுகவில்லை. கோயில் பூவும் ஏனோ பூஜை அறைப் படங்களுக்குப் போய்விட்டது. அப்பாவின் பாடுதான் திண்டாட்டம். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, காரை மர நிழலில் நிறுத்துவதை அடியோடு விட்டுவிட்டார். சித்திரை வெயிலில் சீட்டில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, ஸ்டீயரிங்கைத் துண்டால் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவார். அம்மா சில நாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"நிழல்லயே நிறுத்துங்க. இலை ஒண்ணும் பண்ணாது" என்றாள் ஒருநாள்.

அப்பா துண்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அது இலையே இல்லை, பூ, நான் கண்ணால் பார்த்தேன் என்று நடுவில் புகுந்து சொன்னேன். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அந்தக் காரைப் பற்றிய உண்மை தெரிந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.