முக்காலியும் பலகைச் சுவரும்

மருதை இரண்டு நிபந்தனை வைத்தான். அவன் மனைவி செல்லம்மா எந்த ஆம்பளையோடும் மேடையில் நிற்கக் கூடாது. சனங்கள் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டால் நாடகம் அன்றோடு சரி.

வட்டவளைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்த வேகத்திலேயே நாடகம் போடக் கிளம்பியவன் நான். முதல் நிபந்தனையைச் சமாளித்தேன். நடிப்பவள் ஒருத்திதான். புருஷனுக்குப் பதில் ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு கம்பளி. இரண்டாவதற்குத்தான் வழி தெரியவில்லை.

கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவே அரங்கம். ஞாயிறு மத்தியானம் நிற்க இடமில்லை. மருதை முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"வாத்தியார், அவரு மொகம் எப்புடி இருக்கு?" என்று திரைக்குப் பின்னால் செல்லம்மா கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

திரை விலகியது. கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள் அடுப்பு மூட்டி முக்காலிக்குச் சோறு வைக்கிறாள்.

"கொழம்புல உப்பு சரியா இருக்குங்களா? சரியா இருந்தா பேச மாட்டீங்க. கூடிப்போனாத்தான் வாய் தொறக்கும்."

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. மருதை தலையைக் குனிந்துகொண்டான். நான் திரைக் கயிற்றை எட்டிப் பிடித்தேன்.

கடைசிக் காட்சியில் பிள்ளைக்குக் காய்ச்சல்; பிள்ளை என்றால் சுருட்டிய ஒரு சேலை. முக்காலி அசையாது. அவள் பலகைச் சுவரைத் தட்டி, லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராவைக் கூப்பிடுவாள். பதில் வராது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கத் திரை விழும். நான் பெருமையோடு எழுதிய முடிவு அது.

அவள் தட்டினாள்.

"என்னாடி, புள்ளைக்கு முடியலையா? இந்தா வர்றேன்" என்றது சபையிலிருந்து ஒரு குரல். நிஜத்தில் அவளுடைய அடுத்த காம்பராக்காரி மாரியாயி. இன்னொருத்தி கொத்தமல்லித் தண்ணி வைக்கச் சொன்னாள். வேறொருத்தி டாக்டரய்யாவுக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். செல்லம்மாவும் நாடகத்தை மறந்து, காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று அவர்களுக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரைக் கயிற்றைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றேன். மருதை எழுந்து என்னிடம் வந்தான். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"முடிவு சரியில்லைங்க வாத்தியார். லயத்துல செவுத்த தட்டுனா யாரும் சும்மா கெடக்க மாட்டாங்க. கீழ் டிவிசன்ல போடுறப்ப அத மாத்திருங்க."

மாற்றிவிடுகிறேன் என்றேன். அவன் போகவில்லை. மேடையைப் பார்த்தபடி குரலைத் தணித்துக்கொண்டான்.

"முக்காலி அப்புடியே இருக்கட்டும். சனங்க சிரிச்சது அதப் பாத்துத்தான்."

தோட்டத்தின் மறு பிரிவான கீழ் டிவிசனில் அவள் தட்டியதற்கு மேல் நான் ஒரு வரியும் எழுதிக் கொடுக்கவில்லை. குடும்பக் கதையில் பார்க்க வந்தவர்களுக்கும் வசனம் உண்டு என்று அன்று படித்துக்கொண்டேன். ஆனாலும் எந்தத் தோட்டத்தில் போட்டாலும், அவள் கை அந்தப் பலகையில் பட்டதும், இங்கே பதில் வருமா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். வராமல் போனதில்லை.