உரிய நடவடிக்கை எடுக்கப் பயன்படும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மன்னிப்புக் கடிதம், தொழிலாளிக்கு மெமோ, கலெக்டர் ஆபீஸுக்கு மனு, எல்லாம் என் கைதான். என் எழுத்தைப் படித்துவிட்டு யாரும் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை. புரிந்ததால்தான் கேட்கவில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன வருஷம் கம்பெனிக்கு ஏஐ ஏஜென்ட் வந்தது. ஸ்டாக்கைப் பார்த்து, பேக்கிங்குக்கு அனுப்புவதா, நிறுத்திவைப்பதா, ரிஜெக்ட் செய்வதா என்று தானே முடிவெடுத்து வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் புரோகிராம். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு ஒரு டூல் உண்டு. எந்த டூல் எதற்கு என்று நாம் சில வரிகள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் படித்துத்தான் அது எடுத்துப் பயன்படுத்தும். எழுத்து என்றதும் மேனேஜர் என்னைக் கைகாட்டினார்.

அதை நிறுவ வேலூரிலிருந்து வந்த சாஃப்ட்வேர் பெண்மணி சொன்னார்: "சார், இன்னிக்குத்தான் கம்பெனிக்குள்ள கால் வச்ச ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. அந்த டூலை எடுத்தா என்ன நடக்கும், எப்ப எடுக்கணும், எப்ப எடுக்கக் கூடாது, மூணையும் சொல்லிடுங்க. தமிழ்லயே எழுதலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஜெர்மனிக்கே கடிதம் போடுகிறவனுக்குச் சொல்லித்தர வந்துவிட்டார்! அன்று சாயங்காலத்துக்குள் எல்லா டூலுக்கும் எழுதித் தள்ளினேன். ரிஜெக்ட் டூலுக்கு எழுதியது இன்னும் மனப்பாடம்: "ஜோடி சேராதவை மற்றும் குறைபாடு உடையவை மீது உரிய நடவடிக்கை எடுக்கப் பயன்படும்." ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கெஜட் மாதிரி கம்பீரமாக இருந்தது.

அந்த உரிய நடவடிக்கை என்ன என்று மட்டும் எழுதவில்லை. ரிஜெக்ட் ஸ்லிப் விழுந்த ஷூவை, அதற்கென்றே இருக்கும் ஆள் கத்தியால் குறுக்கே வெட்டிவிடுவார். பையரின் முத்திரையோடு அது பஜாருக்கு வந்துவிடக் கூடாதே. பிரியாணிக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம். அதேபோல, பையருக்கு அனுப்பும் சாம்பிள் வலது கால் மட்டும்தான். இடது காலைத் தைக்கவே மாட்டோம். அதுவும் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை எழுதினால் எழுதுகிறவனுக்கு என்ன மரியாதை?

சாம்பிள் ரூம் இன்சார்ஜ், மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண். பதினாறு வருஷம் லைனில் தைத்து, அந்த மாதம்தான் இன்சார்ஜ் ஆகியிருந்தார். அவர் பொறுப்பில் தயாரான முதல் சாம்பிள், இருபத்துநாலு ஷூ. முறைப்படி சிஸ்டத்தில் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனார். வலது இருபத்துநாலு, இடது பூஜ்யம். ஏஜென்ட் பார்த்தது. ஜோடி சேரவில்லை. ரிஜெக்ட் ஸ்லிப் போட்டுவிட்டது.

அவர் டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தபோது பதினோரு ஷூ வெட்டுப்பட்டுக் கிடந்தன.

"அண்ணா, இது சாம்பிள்னு உனக்குத் தெரியாதா?" என்று கத்தி பிடித்தவரிடம் அலறினார்.

"தெரியும்மா. போன வாரம் ஒரு ஸ்லிப்பைப் பத்தி இன்னான்னு கேட்டேன். சிஸ்டத்துக்கே நீ பாடம் எடுக்கிறியான்னாங்க. அதான் கம்முனு வெட்டிட்டேன்."

அப்படிச் சொன்னவன் நான்தான். நல்லவேளை, அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மீட்டிங் போட்டார்கள். "இன்னா பேஜார் இது, ஏஐ தப்பே பண்ணாதுன்னாங்களே?" என்றார் மேனேஜர். ஏஐயைத் திட்டினால் அதை வாங்கிய முதலாளியைத் திட்டியதாகிவிடும். ஆகவே, சாம்பிள் என்று லேபிள் ஒட்டாதது இன்சார்ஜின் குற்றம் என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார்கள். லேபிள் ஒட்டும் வழக்கமே எங்கள் கம்பெனியில் கிடையாது. மெமோ கொடுத்து அவரைத் திரும்பவும் லைனுக்கே அனுப்புவது என்று முடிவானது. நான் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். மெமோவை யார் எழுதுவது என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சீட்டுக்கு வந்தேன். கை தானாக ஓடியது. "தங்கள் மீது ஏன் உரிய நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்ற இடத்தில் நின்றுவிட்டது. அதே வார்த்தை, அதே கை. பதினோரு ஷூவை வெட்டியது போதாதென்று பதினாறு வருஷ உழைப்பையும் வெட்டப் போகிறேன். என்மேலேயே அருவருப்பு வந்தது.

பாதி மெமோவையும் என் டூல் குறிப்பையும் மேனேஜர் மேசையில் வைத்தேன். "நான் எழுதினதைத்தான் சார் அது செஞ்சது. தப்பு என்னுது."

அவர் இரண்டையும் படித்தார். "அப்ப மெமோவை உன் பேருக்கே எழுதுய்யா," என்றார்.

எழுதினேன். "ரிஜெக்ட் என்றால் ஷூ வெட்டப்படும் என்று நான் சொல்லவில்லை. சாம்பிள் ஒற்றைக் காலாக வரும் என்றும் சொல்லவில்லை. தவறு என்னுடையது, இன்சார்ஜுடையது அல்ல." இருபது வருஷத்தில் நான் எழுதிய மெமோக்களில் படித்தவுடன் புரிவது அது ஒன்றுதான்.

பதினோரு ஷூவையும் அந்தப் பெண் மூன்று நாளில் புதிதாகத் தைத்து அனுப்பினார், இன்சார்ஜாகவே. ரிஜெக்ட் டூலுக்கு எழுதிய புதுக் குறிப்பை அவரிடம்தான் முதலில் காட்டினேன்: "இதை எடுத்தால் ஷூவை வெட்டிவிடுவார்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. ஒற்றைக் கால் சாம்பிளுக்கு இதை எடுக்காதே."

இரண்டு முறை படித்தார். "இன்னொரு வரி போடுங்க சார். சந்தேகமா இருந்தா எழுதினவரைக் கேளுன்னு."

போட்டேன். இப்போது ஏஜென்ட் தினமும் நாலைந்து தடவை என்னைக் கேள்வி கேட்கிறது. கத்தி பிடிக்கிற அண்ணனும் கேட்கிறார். பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.